கிளினிக் கொப்பியில் இல்லாத ஒரு மருந்து



மூட்டுவாதம், லூபஸ், குடல் அழற்சி என்று கொழும்பிலோ வெளிநாட்டிலோ மருந்தெடுக்கும் நம் பெண்பிள்ளைகள் பிரசவத்துக்கு உம்மா வீட்டுக்கு வருவார்கள். மாமி காதில் விழுந்துவிடும் என்று நோயை மறைப்பதும் உண்டு. கிளினிக் கொப்பியில் நிறை இருக்கும், இரத்த வகை இருக்கும். அந்த மருந்து இருக்காது.

தாயின் பிறபொருளெதிரிகள் சூல்வித்தகம் வழியாகப் பிள்ளைக்குப் போவதை வகுப்பில் படிப்பிக்கிறோம். இன்ஃப்ளிக்சிமாப், அடாலிமுமாப் என்ற ஊசி மருந்துகளும் பிறபொருளெதிரிகள்தான். அதே வழியால், அதிகமாகக் கடைசி மூன்று மாதங்களில், அவையும் போகின்றன. பிறக்கும்போது தாயைவிடப் பிள்ளையின் இரத்தத்தில் கூடுதலாக இருப்பதும் உண்டு. பல மாதம் தங்கிவிடும்.

நம் நாட்டிலோ பிள்ளை ஆஸ்பத்திரியை விட்டு வரமுன்னரே பீ.சீ.ஜீ. போட்டுவிடுவார்கள். அது வலுக்குறைத்த, ஆனால் உயிருள்ள கிருமி. இங்கிலாந்தில் கர்ப்ப காலத்தில் இன்ஃப்ளிக்சிமாப் எடுத்த தாயொருவரின் பிள்ளை சுகமாகத்தான் பிறந்தது. மூன்று மாதத்தில் பீ.சீ.ஜீ. போட்டார்கள். அந்தக் கிருமியே உடம்பெங்கும் பரவி, நாலரை மாதத்தில் பிள்ளை மவுத்தாகிவிட்டது. 2010இல் மருத்துவ இதழில் வந்த செய்தி இது. இன்ஃப்ளிக்சிமாப் எடுத்த தாயின் பிள்ளைக்கு உயிருள்ள தடுப்பூசிகளை 12 மாதம் பிற்போடும்படி ஐரோப்பிய மருந்து முகவரகம் 2022இல் சொன்னது.

இதை வாசித்துவிட்டு "ஊசியே வேண்டாம்" என்று வட்ஸ்அப்பில் கிளம்பிவிடாதீர்கள். மற்றப் பிள்ளைகளுக்கு பீ.சீ.ஜீ. அவசியம். இந்த மருந்து போன பிள்ளைக்கும் உயிரில்லாத தடுப்பூசிகளை உரிய மாதத்திலேயே போட வேண்டும். வாயில் விடும் போலியோ சொட்டு உயிருள்ளது. அதை டொக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பயந்து மருந்தைத் தானாக நிறுத்துவது இன்னும் மோசம். லூபஸுக்குக் கொடுக்கும் ஹைட்ரொக்சிகுளோரோகுயினைக் கர்ப்பத்திலும் தொடரச் சொல்வார்கள். விட்டால் நோய் கிளம்பித் தாயையும் பிள்ளையையும் பாதிக்கும். மெதோட்ரெக்சேட்டோ கர்ப்பம் தரிக்கமுன்னரே நிறுத்த வேண்டியது. இது நாம் வீட்டில் இருந்து தீர்மானிக்கும் விஷயமல்ல.

நான் குறை சொல்வது கணவன்மாரைத்தான். மருந்துச் சிட்டையை நீங்கள் கொண்டுபோங்கள். பெயரையும் கடைசி ஊசி போட்ட திகதியையும் மிட்வைஃப் மிஸ்ஸிடம் சொல்லிக் கொப்பியில் எழுதுவியுங்கள். பிள்ளை பிறந்த அன்று, பீ.சீ.ஜீ. போட வரும் தாதியிடம் இன்னொருமுறை சொல்லுங்கள்.