துடுப்பாட்டப் பயிற்றுவிப்பாளரிடம் நாம் எதைக் கேட்கிறோம்?

மார்ச் மாதத்துப் பெரிய போட்டிகள் முடிந்ததும் யாழ்ப்பாணத்தில் இன்னொரு போட்டி தொடங்கிவிடும். பழைய மாணவர் சங்கக் கூட்டங்களிலும், தேநீர்க் கடைகளிலும், ரொறன்ரோவிலிருந்தும் லண்டனிலிருந்தும் வரும் தொலைபேசி அழைப்புகளிலும் நடப்பது அது. தோற்ற அணியின் பயிற்றுவிப்பாளரை மாற்ற வேண்டும் என்பது அதன் முதல் தீர்மானம். அடுத்து வருபவர் எப்படிப்பட்டவராக இருக்க வேண்டும் என்பது இரண்டாவது. முதலாவதைப் பற்றி எல்லோரும் உரத்துப் பேசுகிறார்கள். இரண்டாவதைப் பற்றி நின்று நிதானித்துப் பேசுவோர் குறைவு. ஆகையால் இன்றைய பத்தியை அதற்கு ஒதுக்குகிறேன்.

யாழ். மத்திய கல்லூரிக்கும் பரியோவான் கல்லூரிக்கும் இடையிலான 'வடக்கின் பெரும் போர்' 1904இல் தொடங்கியது. புனித பத்திரிசியார் கல்லூரியும் வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரியும் சந்திக்கும் ஆட்டத்தைப் 'பொன் அணிகளின் போர்' என்கிறோம். பெயரிலேயே போர் இருக்கும்போது தோல்வியைத் தாங்குவது கடினந்தான். உண்மையான போர் நடந்த காலத்தில் இந்த ஆட்டங்கள் தடைப்பட்டதையும், பின்னர் மைதானங்கள் மீண்டும் நிறைந்ததையும் கண்டவர்களுக்கு இவை வெறும் விளையாட்டாகத் தோன்றா. அந்த உணர்ச்சியை நான் மதிக்கிறேன். அதன் சுமை பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகளின் தலையில் இறங்குவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

இரசிகர்கள் கேட்பவை பெரும்பாலும் மூன்று. வருபவர் கொழும்பில் பெயர் பெற்றவராக இருக்க வேண்டும். அதிரடியாக ஓட்டம் குவிக்கக் கற்றுத்தர வேண்டும். அடுத்த மார்ச்சில் வெல்ல வேண்டும். இந்த மூன்றில் ஒன்றுகூட எமது துடுப்பாட்டத்தின் நோய்க்கு மருந்தாகாது என்பது என் எண்ணம்.

நோய் எது என்பதை முதலில் பார்ப்போம். வடபுலத்துப் பந்துவீச்சாளர்கள் உலகத்தின் கண்ணுக்குத் தென்பட்டுவிட்டார்கள். மத்திய கல்லூரியின் விஜயகாந்த் வியாஸ்காந்த் 2020இல் லங்கா பிரீமியர் லீக்கில் ஜஃப்னா ஸ்டாலியன்ஸ் அணிக்காக ஆடினார். 2023இல் ஆசிய விளையாட்டு விழாவில் இலங்கை அணியின் சீருடை அணிந்தார். 2024இல் ஐபிஎல் போட்டியில் சன்ரைசர்ஸ் ஹைதராபாத் அணிக்குப் பந்து வீசினார். பரியோவான் கல்லூரியின் வேகப்பந்து வீச்சாளர் குகதாஸ் மாதுளன் அதே 2024இல் 19 வயதுக்குட்பட்ட இலங்கை அணியில் இடம்பெற்றார். இவர்களுக்கு நிகராக உயர்ந்த, குடாநாட்டில் ஆடி வளர்ந்த துடுப்பாட்ட வீரர் ஒருவரின் பெயரைச் சொல்லுங்கள் என்று நண்பர்களிடம் கேட்டால் மௌனமே பதிலாக வருகிறது. யாழ்ப்பாணத்தின் பெயரைத் தாங்கிய அணி 2020, 2021, 2022, 2024 ஆகிய ஆண்டுகளில் லங்கா பிரீமியர் லீக் கிண்ணத்தை வென்றது. 2024 இறுதியாட்டத்தில் அதற்காகச் சதம் அடித்தவர் தென்னாபிரிக்காவின் ரைலி ரூசோ. நாம் கைதட்டினோம். கைதட்டியதில் பிழையில்லை. எமது பிள்ளையொருவன் அந்த இடத்தில் நிற்க எத்தனை ஆண்டு செல்லும் என்ற கேள்வியையும் கூடவே கேட்டிருக்கலாம்.

தமிழனுக்குத் துடுப்பாட்டம் கைவராது என்று யாராவது சொன்னால் மகாதேவன் சதாசிவத்தை நினைவூட்ட வேண்டும். 1947இல் சென்னை சேப்பாக்கத்தில் தென்னிந்திய அணிக்கு எதிராக 215 ஓட்டங்கள் எடுத்தவர் அவர். 1948இல் பிராட்மனின் அவுஸ்திரேலிய அணி கொழும்பில் ஆடியபோது இலங்கையின் தலைவராக நின்றவரும் அவரே. ஆனால் அவர் கற்றது கொழும்பு வெஸ்லி கல்லூரியில். ஆக, குறை எமது கையில் இல்லை. நிலத்திலும் பயிற்சியிலும் எமது பொறுமையின்மையிலும் அதைத் தேட வேண்டும்.

நிலத்தைச் சொல்கிறேன். எமது பாடசாலைப் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாக விரிப்பு ஆடுகளத்தில்தான் பெரிதும் ஆடி வந்திருக்கிறார்கள். விரிப்பில் பந்து ஓரளவு ஒரே சீராக எழும்பும். துடுப்பாட்ட வீரன் பின்காலில் நின்று விளாசப் பழகிவிடுகிறான். அவனையே கொழும்பின் புற்றரை ஆடுகளத்துக்கு அழைத்துச் சென்றால் பந்து தாழ்கிறது, வழுக்கி வருகிறது, சில வேளை நின்று வருகிறது. முன்காலை நீட்டி, தலையைப் பந்தின் மேல் வைத்து ஆடும் பழக்கம் இல்லாதவன் முதல் அரை மணித்தியாலத்திலேயே ஆட்டமிழக்கிறான். பந்துவீச்சாளனின் மணிக்கட்டையும் தோளையும் விரிப்பு அவ்வளவாகக் கெடுப்பதில்லை. துடுப்பாட்ட வீரனின் கால்களைத்தான் கெடுக்கிறது. மண்டைதீவில் சர்வதேச மைதானத்துக்கு 2025 செப்ரெம்பர் 1ஆம் திகதி அடிக்கல் நாட்டப்பட்டது. நல்ல செய்தி. அங்கே புல் வளரும் காலத்தில் அதன்மேல் நின்று ஆடக்கூடிய பிள்ளைகளும் வளர்ந்திருக்க வேண்டாமா?

ஆகவே புதிய பயிற்றுவிப்பாளரிடம் நாம் கேட்க வேண்டியவை வேறு.

முதலாவது, அவர் 13 வயதுக்குட்பட்ட அணியின் பயிற்சிக்கு வருகிறாரா? கால் அசைவு 17 வயதில் திருந்துவது அரிது. முதல் அணியை மாத்திரம் பார்த்துவிட்டு ஊர் திரும்புபவர் எவ்வளவு பெரிய பெயருடையவராயினும், எமக்கு வேண்டியவர் அவரல்லர்.

இரண்டாவது, பிள்ளையின் மொழியில் அவரால் விளக்க முடியுமா? கொழும்பிலிருந்து ஒருவர் வருவதை நான் எதிர்க்கவில்லை. சிங்களவராயினும் நல்ல ஆசானை வரவேற்க வேண்டும். ஆனால் ஒரு பிள்ளை ஏன் ஆட்டமிழந்தான் என்பதை அவனுக்கு விளங்கும் தமிழில் எடுத்துச்சொல்ல அருகில் ஒருவராவது இருக்க வேண்டும். தலையாட்டுகிற பிள்ளைகள் எல்லோரும் விளங்கித் தலையாட்டுவதில்லை.

மூன்றாவது, பெற்றோரிடம் பேசுவாரா? சாதாரண தரப் பரீட்சை நெருங்கும்போது துடுப்பு மூலைக்குப் போய்விடுகிறது. பின்னேரம் தனியார் வகுப்பு, காலையில் பாடசாலை. பந்துவீச்சாளன் வீட்டு முற்றத்தில் ஒரு குச்சியை நட்டுத் தனியே பழகலாம். துடுப்பாட்ட வீரனுக்குப் பந்து வீச ஆள் வேண்டும், வலை வேண்டும், வெளிச்சம் இருக்கும் நேரம் வேண்டும். நேர அட்டவணையைக் கையில் எடுத்துக்கொண்டு தாயிடமும் தகப்பனிடமும் சென்று பேசக்கூடியவரே இங்கு பயன்படுவார்.

நான்காவது, நிற்கக் கற்றுக்கொடுப்பாரா? ஒரு பெரிய போட்டியில் தோல்வியின் விளிம்பில் ஒரு பையன் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் நின்று இருபது சொச்ச ஓட்டங்கள் எடுத்தான். அவனுக்குக் கிடைத்தது கூச்சல். அவனுடைய கல்லூரி ஆதரவாளர்களே கூவினார்கள். அதே பந்தலில் இருந்து சிக்ஸர் அடித்து அடுத்த பந்தில் ஆட்டமிழந்தவனுக்குப் பணமுடிப்பு போனது. பிள்ளைகள் இவற்றைக் கவனிக்கிறார்கள். பயிற்றுவிப்பாளர் ஓராண்டாகச் சொல்லிக்கொடுத்ததை நாம் ஒரு பின்னேரத்தில் அழித்துவிடுகிறோம்.

இங்கேதான் எமது பங்கு வருகிறது. புலம்பெயர்ந்த பழைய மாணவர்கள் தாராளமாக உதவுகிறார்கள் என்பதை நன்றியோடு சொல்ல வேண்டும். அந்த உதவியோடு ஒரு நிபந்தனையையும் சேர்த்து அனுப்புங்கள். துடுப்பாட்டத்துக்கெனத் தனிப் பயிற்றுவிப்பாளர் ஒருவரை நியமித்து, குறைந்தது மூன்று ஆண்டு ஒப்பந்தம் கொடுக்கச் சொல்லுங்கள். இடையில் ஒரு மார்ச் தோற்றாலும் அவரை அனுப்பக்கூடாது என்று எழுதி வாங்குங்கள். ஆண்டிறுதியில் கணக்குக் கேளுங்கள். வென்றதா தோற்றதா என்ற கணக்கைக் கேட்க வேண்டாம். அணி எத்தனை இன்னிங்ஸில் 60 ஓவர் தாண்டி ஆடியது, எத்தனை பிள்ளைகள் 100 பந்துகளுக்கு மேல் சந்தித்தார்கள், புற்றரையில் ஆட எத்தனை தடவை வெளியூர் அழைத்துச் செல்லப்பட்டார்கள் என்ற கணக்கைக் கேளுங்கள். புள்ளிப் புத்தகம் ஒவ்வொரு கல்லூரியிலும் இருக்கிறது. அதைத் திறந்து பார்க்க ஒருவருக்கு ஒரு பின்னேரம் போதும்.

இன்று 13 வயதில் வலைக்குள் நிற்கும் பிள்ளைக்கு இன்னும் ஆறு மார்ச் மாதங்களே உள்ளன. அதற்குள் மூன்று பயிற்றுவிப்பாளர்களை மாற்றினால் மூவரும் அவன் நிற்கும் முறையை ஆளுக்கொரு விதமாகத் திருத்திவிட்டுப் போவார்கள்.