காற்றைப் பார்த்துப் படங்கு கட்டுவோம்



ஆனி மாதம் பிறந்துவிட்டால் எங்கள் பக்கத்தில் காற்று வைத்ததுதான் சட்டம். அட்டன், நோர்வூட், மஸ்கெலியா, தலவாக்கலை என்று மேற்கு மலைகளில் விடிவதற்கு முன்பே லயத்துத் தகரம் தடதடக்கத் தொடங்கிவிடும். இது தென்மேற்கிலிருந்து வரும் பருவக்காற்று. வடக்கில் இருப்பவர்கள் சோளகம் என்கிறீர்கள். கிழக்கில் கச்சான் என்கிறீர்கள். எங்கள் மலையில் மழையைக் கொட்டிவிட்டு, வறண்ட காற்றாகக் கிழக்கே இறங்கி வருகிறது.

எனக்குப் பதினொரு வயதாக இருந்தபோது, அப்படியொரு காலையில் அம்மா தலையில் கொங்காணி போட்டு, இடுப்பில் படங்கு கட்டிக்கொண்டு மலைக்குப் போனார். பத்து மணிக்கெல்லாம் நான்கு பேர் அவரைத் தாங்கிக்கொண்டு வந்தார்கள். மலை முனையில் அவர் நிமிர்ந்தபோது காற்று முதுகுப் பக்கமாகக் கொங்காணிக்குள் புகுந்துவிட்டது. அந்தப் பொலித்தீன் சீட் ஊதிப் பெருத்து, ஆளை இழுத்துக் கீழே கானுக்குள் தள்ளிவிட்டது. கழுத்தில் போட்ட முடிச்சு கடைசிவரை அவிழவில்லை. வலது மணிக்கட்டு முறிந்தது. கொழுந்து பறிக்கும் கை.

"என் நேரம் சரியில்ல" என்றுதான் அம்மா சொன்னார். நானும் பல வருடங்கள் அப்படித்தான் நம்பினேன்.

பிறகு ஒரு பயிற்சி வகுப்புக்காகக் கற்பிட்டிக்குப் போனேன். 1990 இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் சகோதரிகள் பலர் வந்து தங்கிய பகுதி அது. அங்கே களப்பில் வெளிநாட்டுக்காரர்கள் ஒரு விளையாட்டு விளையாடுகிறார்கள். பெரிய பட்டத்தை இடுப்போடு பிணைத்து, காலில் ஒரு பலகையை மாட்டி, தண்ணீரில் சறுக்கிப் போகிறார்கள். கைட்போர்டிங் என்று பெயர். மே முதல் ஒக்டோபர் வரை அங்கே இதற்குக் காலம். எங்கள் மலையில் அடிக்கும் அதே காற்றை நம்பித்தான் அவர்கள் வருகிறார்கள்.

அவர்கள் உடனே தண்ணீரில் இறங்குவதில்லை. கரையில் நின்று மூன்று விடயங்களைப் பார்க்கிறார்கள். காற்று எவ்வளவு வேகம்? ஒரே சீராக அடிக்கிறதா, விட்டுவிட்டு வீசுகிறதா? எந்தத் திசையிலிருந்து வருகிறது? கரையிலிருந்து ஆழ்கடலை நோக்கி அடித்தால் இறங்கக் கூடாது என்பது விதி. பிறகுதான் பட்டத்தைத் தெரிவு செய்கிறார்கள். மணிக்கு 28 கிலோமீற்றர் அளவான காற்றென்றால் 12 சதுர மீற்றர் பட்டம். 45 கிலோமீற்றரைத் தொட்டால் 7 சதுர மீற்றர். ஆளின் எடைக்கு ஏற்ப இது கொஞ்சம் மாறும்.

காற்று கூடும்போது பட்டம் ஏன் சிறிதாகிறது? காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது இழுக்கும் விசை நான்கு மடங்காகிறது. அதனால்தான் அவர்கள் இடுப்புப் பட்டியில் ஒரு கொளுவியும் இருக்கிறது. ஆபத்தென்றால் ஒரே தள்ளில் பட்டத்தின் இழுவை போய்விடும்.

அதைப் பார்த்தபோது எனக்கு அம்மாவின் கொங்காணி நினைவுக்கு வந்தது. அதுவும் ஒரு பட்டம்தான். அளவு பார்க்காமல், கழற்ற வழியில்லாமல் அதை உடம்பில் கட்டி அனுப்பியிருக்கிறோம்.

வடக்குச் சகோதரிகளுக்கு இதை விளக்கத் தேவையில்லை. 1977 இலும் 1983 இலும் தோட்டங்களை விட்டு வன்னிக்குப் போன எங்கள் உறவினர் பலரும் 2009 இல் உங்களோடு செட்டிகுளம் முகாம்களில் இருந்தார்கள். தறப்பாளின் ஒரு முனை அவிழ்ந்தால் முழுக் கூடாரமும் என்ன பாடுபடும் என்பதை நீங்கள் கண்ணால் கண்டவர்கள்.

வேகத்தை அளக்க நமக்குக் கருவி வேண்டியதில்லை. போஃபோர்ட் என்ற பிரித்தானியக் கடற்படை அதிகாரி 1805 இல் கப்பல்களுக்காக ஓர் அளவுமுறையை வகுத்தார். பின்னர் தரைக்கும் அடையாளங்கள் சேர்க்கப்பட்டன. அவற்றை வைத்துப் பார்ப்போம்.

தூசியும் காகிதமும் எழும்பி, சிறு கிளைகள் மட்டும் அசைந்தால் காற்று 20 முதல் 28 கிலோமீற்றர். வழக்கமான கொங்காணி போதும்.

இலையுள்ள சிறு மரங்கள் முழுதாக ஆடத் தொடங்கினால் 29 முதல் 38. கொங்காணியை முழங்கால்வரை தொங்கவிடாதீர்கள். இடுப்பளவுக்கு மடித்து, ஓரங்களைப் படங்குக்குள் சொருகி, அதன்மேல் கயிறு கட்டுங்கள்.

பெரிய கிளைகள் அசைந்து, கம்பிகள் விசிலடித்து, குடை பிடிக்கச் சிரமமானால் 39 முதல் 49. இந்த நேரத்தில் விரிந்த சீட் எதுவும் வேண்டாம். உடம்போடு ஒட்டிய, கை வைத்துத் தைத்த மழைச்சட்டைதான் பாதுகாப்பு. மலை முனையையும் இரு மலைகளுக்கு நடுவிலுள்ள இடுக்கையும் தவிருங்கள். அங்கே காற்று நெருங்கி வேகம் கூடும். மலையின் மறைவுப் பக்கத்திலும் சுழன்று அடிக்கலாம்.

முழு மரமும் ஆடி, எதிர்த்து நடக்கச் சிரமமானால் 50 ஐத் தாண்டிவிட்டது. இறங்கிவிட வேண்டும். டர்பன்டைன் மரத்தின் கீழோ சவுக்கு மரத்தின் கீழோ ஒதுங்க வேண்டாம். காற்றோடு கடும் மழையும் நீடித்தால் மண்சரிவு எச்சரிக்கையையும் கேட்டுக்கொள்ளுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117.

முடிச்சு விடயம் மிக முக்கியம். கழுத்தில் முடிச்சுப் போடவே கூடாது. இடுப்பில் போடுவதையும் ஒரு நுனியை இழுத்தால் உருவிக்கொண்டு வரும்படி போடுங்கள். அந்த நுனி இடது கைக்கு எட்ட வேண்டும், வலது கை கொழுந்தில் இருக்கும். இரவில் வீட்டில் கண்ணை மூடிக்கொண்டு நாலைந்து தடவை இழுத்துப் பாருங்கள்.

இவ்வளவும் தெரிந்தாலும் ஒன்று மிஞ்சுகிறது. கற்பிட்டியில் விளையாட வந்தவர், "இன்றைக்குக் காற்று சரியில்லை" என்று கரையிலேயே உட்கார்ந்துவிடலாம். நாம் பாதியில் இறங்கினால் அரைப்பேர்தான். அம்மாவும் அன்று காற்றைப் பார்க்காமல் போகவில்லை. பார்த்துவிட்டு, எங்கள் சாப்பாட்டை நினைத்துக்கொண்டு போனார்.

ஆகவே இதைத் தனியாள் பேச்சாக விடாதீர்கள். நேற்று இறங்கியவள் சோம்பேறி என்று பெயர் வாங்குவாள். காற்றுக் காலம் தொடங்குமுன் பிரட்டுக் களத்தில் எல்லோரும் சேர்ந்து கங்காணியிடமும் தோட்டத் தலைவரிடமும் ஓர் அடையாளத்தைப் பேசி வையுங்கள். "குடை பிடிக்க முடியாத காற்றில் முனை மலைக்கு அனுப்புவதில்லை, கீழ் மலையில் வேலை தர வேண்டும், முழுப்பேர் போட வேண்டும்" என்று கேளுங்கள். குடை நிற்கிறதா இல்லையா என்பது எல்லோர் கண்ணுக்கும் தெரியும். அதில் வாதாட இடமில்லை.

அம்மா இப்போது வேலைக்குப் போவதில்லை. ஆனால் விடியற்காலையில் வாசலுக்கு வந்து எதிர்ச்சரிவு மரங்களைப் பார்ப்பார். பிறகு உள்ளே வந்து என் தங்கையின் முடிச்சை ஒரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் தேநீர் குடிப்பார்.

உங்கள் ஊரில் காற்றை எதை வைத்து அறிகிறீர்கள்? எழுதுங்கள், அடுத்த இதழில் பகிர்ந்துகொள்வோம்.