சிலுவையை இறக்கிய பாதிரியார்

"பகுத்தறிவு பேசும் ஏட்டிலே பாதிரியார் புகழா? வேதக் கோயிலுக்கும் நமக்கும் என்னய்யா ஒட்டு, என்ன உறவு?" என்று தோழர்கள் சிலர் கேட்கக்கூடும். கேட்கட்டும்! கேள்வி கேட்கச் சொல்லிக் கொடுத்ததே நமது இயக்கமன்றோ! கடவுள் உண்டா, இல்லையா என்ற வழக்கை இன்று நான் எடுத்துக் கொள்ளவில்லை. அந்த வழக்கிலே நான் எந்தப் பக்கம் என்பது நீங்கள் அறியாததும் அல்ல. ஒரு கோயிலுக்குள்ளே யார் யாரை நுழைய விடுகிறார்கள், நுழைந்தவனை எங்கே உட்கார வைக்கிறார்கள், பசித்தவன் வந்தால் பாட்டுப் பாடி அனுப்புகிறார்களா, பானையைத் திறக்கிறார்களா — இதுதான் என் வழக்கு. இந்த வழக்கிலே சாட்சிக் கூண்டில் ஏற்றத்தக்க கோயில் ஒன்று, கடல் கடந்து, அமெரிக்க நாட்டின் மேற்குக் கரையிலே இருக்கிறது. அதன் பெயர் கிளைடு.

சான் பிரான்சிஸ்கோ! பொன் கிடைக்கிறதாம், பொன் கிடைக்கிறதாம் என்று 1849-ல் உலகமே திரண்டோடிய பட்டணம். மலை மீது மாளிகை, மாளிகையிலே கேளிக்கை. அதே பட்டணத்தின் நடுவயிற்றிலே டெண்டர்லாயின் என்றொரு பேட்டை. மலிவு விடுதியிலே ஒற்றை அறை பிடித்து மரணத்தை எதிர்பார்த்துக் கிடக்கும் கிழவர்கள், வேலை தேடி வந்து வேலையும் கிட்டாமல் ஊர் திரும்ப முகமும் இல்லாமல் தெருவிலே நிற்பவர்கள், குடித்துக் குடல் கெட்டவர்கள், பெற்றவர்களே விரட்டிவிட்ட பிள்ளைகள், உடலை விற்று உண்ணும் நிலைக்குத் தள்ளப்பட்ட பெண்கள் — பொன் நகரம் வேண்டாமென்று ஒதுக்கிய மனிதர்களெல்லாம் ஒதுங்கிய இடம் அது. அந்தப் பேட்டையில், எல்லிஸ் தெருவும் டெய்லர் தெருவும் கூடும் முனையில் நிற்கிறது கிளைடு கோயில். லிஸ்ஸி கிளைடு எனும் செல்வச் சீமாட்டி, கணவன் விட்டுச் சென்ற பொருள் கொண்டு எழுப்பியது. மெதடிஸ்ட் சபைக்கு உரியதாக இருந்தது. 1960-களின் தொடக்கத்திலே அங்கே கட்டடம் இருந்தது, காசு இருந்தது, கூட்டம் இல்லை. வெளியே ஆயிரமாயிரம் பேர். உள்ளே ஒரு சிறு வெள்ளைக்காரக் குழு. வெளியே அழுகுரல், உள்ளே ஆர்கன் இசை.

1963-ல் அங்கே பாதிரியாராக வந்து சேர்ந்தார் செசில் வில்லியம்ஸ். கறுப்பர். 1929-ல் டெக்சாஸ் மாநிலத்தில், சான் ஆஞ்சலோ என்ற ஊரிலே பிறந்தவர். டெக்சாஸ் என்றால் என்ன பொருள் தெரியுமோ, தோழர்களே! வெள்ளையனுக்கு ஒரு பள்ளி, கறுப்பனுக்கு ஒரு பள்ளி. வெள்ளையனுக்கு ஒரு தண்ணீர்க் குழாய், கறுப்பனுக்கு வேறொன்று. நம் ஊர்த் தேநீர்க் கடையின் இரட்டைக் குவளையைக் கண்டவர்களுக்கு இதற்கு விளக்கவுரை தேவையில்லை. வெள்ளையருக்கே உரியதாக இருந்த ஒரு பல்கலைக் கழகத்தின் இறையியல் பள்ளியிலே, முதன்முதல் சேர்த்துக் கொள்ளப்பட்ட ஐந்து கறுப்பு மாணவர்களுள் ஒருவராகப் படித்து, 1955-ல் பட்டம் பெற்றவர். கதவு அடைக்கப்பட்டால் நெஞ்சிலே என்ன எரியும் என்பதைப் புத்தகத்தில் படித்தல்ல, பட்டறிந்து தெரிந்து கொண்டவர். அப்படிப்பட்டவர் கையிலே ஒரு கோயிலின் சாவி வந்தது. என்ன செய்தார்? கதவைத் திறந்தார். திறந்ததோடு நிற்கவில்லை, வெளியே போய், தெருவிலே நின்றவர்களைக் கைப்பிடித்து அழைத்து வந்தார்.

1967-ல் ஒரு காரியம் செய்தார் பாருங்கள் — பீடத்தின் மேலே தொங்கிய சிலுவையையே இறக்கச் சொல்லிவிட்டார்! சிலுவை சாவின் சின்னம். நாமோ வாழ்வைக் கொண்டாடக் கூடியிருக்கிறோம். மரச் சிலுவை எதற்கு, இங்கே கூடும் மக்களே போதும் என்பது அவர் சொன்ன விளக்கம். நம் நாட்டிலே சர்க்கார் அலுவலகத்துச் சுவரிலிருந்து ஒரு சாமி படத்தைக் கழற்றிப் பாருங்கள், என்ன கூச்சல், என்ன கும்மாளம், எத்தனை வழக்கு! ஒரு பாதிரியார் தன் கோயிலின் தலைச் சின்னத்தையே இறக்கினார். சிலர் வெளியேறினர். வெளியேறியவர்கள் விட்டுச் சென்ற இருக்கைகளில் வேறு மனிதர்கள் வந்து உட்கார்ந்தார்கள் — கறுப்பர், வெள்ளையர், சீனர், கிழிந்த சட்டைக்காரர், கிழியாத சட்டைக்காரர், நம்பிக்கை உடையவர், அறவே இல்லாதவர். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குக் 'கொண்டாட்டம்' என்றே பெயர் வைத்தார்கள். பழைய கீர்த்தனைப் புத்தகம் போயிற்று. ஜாஸ் இசை வந்தது.

இசை இருக்கட்டும். இசைக்காக இந்த ஏட்டில் இடம் ஒதுக்க முடியாது. நம் கருத்தைக் கவர வேண்டியது வேறு.

ஆணுக்கு ஆண் மீதும் பெண்ணுக்குப் பெண் மீதும் அன்பு பிறந்தால் அதைக் குற்றமென்று கூண்டிலேற்றிய காலம் அது. 1964-ல், கிளைடு கோயிலைச் சார்ந்த பாதிரிமார்கள் முன்னின்று, அந்த மக்களின் தலைவர்களோடு ஒரே மேசையில் அமர்ந்து ஒரு மன்றம் அமைத்தார்கள். 1965 புத்தாண்டு நாளன்று, மன்றத்துக்கு நிதி திரட்டக் கலிபோர்னியா மண்டபத்தில் ஒரு நடன விழா. வந்தது போலீசு! வாசலிலே விளக்கைப் பாய்ச்சி, வருகிறவர் போகிறவரையெல்லாம் படம் பிடித்தது. தடுத்துக் கேட்ட வழக்கறிஞர்களைக் கைது செய்தது. மறுநாள் பாதிரிமார்கள் என்ன செய்தார்கள்? "நமக்கேன் வம்பு" என்று ஜெபமாலை உருட்டினார்களா? இல்லை. பத்திரிகையாளர்களைக் கூட்டி, போலீசு அடித்த கூத்தைப் பகிரங்கமாகக் கண்டித்தார்கள். வெள்ளைக் கழுத்துப்பட்டை கட்டியவர்களே சாட்சி சொல்ல வந்துவிட்டதால், ஊர் அதிர்ந்தது.

1966 ஆகஸ்டில், அதே டெய்லர் தெருவிலே காம்ப்டன் சிற்றுண்டிச் சாலையில், போலீசின் நாள்தோறும் நடந்த தொல்லையைத் தாங்க முடியாமல் திருநங்கையர் பொங்கி எழுந்தனர். காப்பிக் கோப்பைகள் பறந்தன, கண்ணாடிகள் நொறுங்கின. அந்தப் பேட்டையின் வீடற்ற இளைஞர்கள் 'வேன்கார்டு' என்று ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். அவர்களுக்கு இடம் தந்து, துணை நின்றது கிளைடு. அந்த இளைஞர்கள் நடத்திய கிளர்ச்சி ஒன்றைச் சொல்லாமல் மேலே செல்ல எனக்கு மனமில்லை. தெருவிலே நிற்பவர்களைக் குப்பை போலக் கூட்டி அள்ளிச் செல்லுவது அன்றைய போலீசின் வழக்கம். ஒரு நாள் இந்தப் பிள்ளைகள் ஆளுக்கொரு துடைப்பத்தை எடுத்தார்கள். நாங்களா குப்பை? என்று கேட்பது போலத் தெருவையே பெருக்கிக் காட்டினார்கள்! கல் இல்லை, கத்தி இல்லை, துடைப்பம் ஒன்றே ஆயுதம். நம் மாநாட்டுப் பந்தலிலே எத்தனையோ கிளர்ச்சி முறைகளைப் பேசியிருக்கிறோம். இப்படி ஒன்று நமக்குத் தோன்றவில்லையே என்று ஏக்கம்கூடப் பிறக்கிறது. இங்கே, தமிழ்நாட்டிலே, 2008-ல் கலைஞர் ஆட்சி திருநங்கையருக்கு நல வாரியம் அமைத்தபோது இந்தியாவே திரும்பிப் பார்த்தது. அதற்கு நாற்பது ஆண்டுக்கு முன்பே ஒரு கோயில் அவர்களுக்கு நாற்காலி போட்டது என்பதை நாம் அறிந்து வைத்திருக்க வேண்டாமா?

கிளைடு என்றால் வில்லியம்ஸ் ஒருவர்தான் என்று எண்ணிவிடாதீர்கள். ஜானிஸ் மிரிகிடானி என்ற அம்மையாரும் உண்டு. ஜப்பானிய வழி வந்தவர், அமெரிக்காவிலே பிறந்தவர். இரண்டாம் உலகப் போரின்போது, ஜப்பானிய இரத்தம் ஓடுகிறது என்ற ஒரே குற்றத்துக்காக ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை முள்வேலிக்குள் அடைத்தது அமெரிக்க அரசு. அப்படி அடைபட்ட கைக்குழந்தைகளிலே ஒருவர் அவர். வளர்ந்து கவிஞரானார், 2000-ல் சான் பிரான்சிஸ்கோவின் அரசவைக் கவிஞராக அமர்த்தப்பட்டார். 1982-ல் வில்லியம்சின் வாழ்க்கைத் துணைவியானவர். மேடையிலே பேசியவர் அவர் என்றால், அடுப்படி முதல் ஏடு வரை காரியங்களை உருவாக்கி நடத்தியதிலே பெரும் பங்கு இவருடையது. ஆணின் பெயர் கல்வெட்டிலும் பெண்ணின் உழைப்பு கணக்கிலே வராமலும் போவது நமக்குப் பழக்கப்பட்ட கதை. ஆகவேதான் அழுத்திச் சொல்கிறேன்.

நாள்தோறும் அங்கே சோறு போடுகிறார்கள். "உன் மதம் என்ன, எந்தச் சபை, ஞானஸ்நானம் ஆயிற்றா?" என்ற கேள்வி கிடையாது, வரிசையிலே நின்றவனுக்குத் தட்டு உண்டு. 1980-களிலே கொக்கெய்ன் போதை கறுப்பர் குடும்பங்களைக் கரையான் போல அரித்தபோது, போதைக்கு அடிமைப்பட்டவர்களைப் பாவிகள் என்று சபிக்காமல், வட்டமாக உட்கார வைத்து அவரவர் கதையை அவரவர் வாயால் சொல்லச் செய்து மீட்டெடுத்தார்கள். 1999-ல் ஏழைகளுக்கென அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றையும் அருகிலேயே எழுப்பினார்கள்.

இங்கே ஒரு வேடிக்கையைக் கேளுங்கள். இந்த ஏழைகள் உண்ணும் சோற்றுக்கு ஒரு பகுதி பணம் வந்தது எப்படி? கோடீசுவரர் வாரன் பஃபெட்டுடன் ஒரு வேளை விருந்துண்ணும் பாக்கியத்தை ஏலம் போட்டு! 2000-ல் தொடங்கிய ஏலம். 2022-ல் ஒரே ஒரு விருந்து ஏலம் போன விலை 1 கோடியே 90 லட்சம் டாலர். அனைத்தும் கூட்டினால் 5 கோடி டாலருக்கு மேல். அத்தனையும் கிளைடுக்குக் கொடுக்கப்பட்டது. கொடுத்தவரைக் குறை சொல்ல நான் யார்! ஆனால், பாட்டாளித் தோழனே, எண்ணிப் பார். ஒருவனோடு ஒரு வேளை உண்ண இன்னொருவனால் இத்தனை கோடி கொட்ட முடிகிற ஊரிலே, அதே ஊரிலே, அடுத்த வேளைக்குக் கோயில் வாசலில் வரிசை நிற்கிறது. வரிசை அறுபது ஆண்டாகக் குறையவில்லை. சோறு போடுவது கோயிலின் பெருமை. வரிசை நீளுவது நாட்டின் சிறுமை. தருமத்தால் பசியைத் தணிக்கலாம், பசியைப் பிறப்பிக்கும் முறையை ஒழிக்க முடியாது. அது அரசியலின் வேலை. வில்லியம்சுக்கு இது தெரியாததல்ல. தெரிந்ததால்தான் 1968-ல் கல்லூரி மாணவர்கள் கறுப்பர் வரலாறும் கற்பிக்க வேண்டும் என்று கிளர்ச்சி செய்தபோது பிரசங்கப் பீடத்தை விட்டு இறங்கி அவர்களோடு நின்றார்.

இன்னொரு குறையும் உண்டு, மறைக்கமாட்டேன். 2000-ல் பாதிரியார் பொறுப்பிலிருந்து ஓய்வு பெற்ற வில்லியம்ஸ், வேறொரு பதவிப் பெயரோடு அங்கேயே கோலோச்சினார். பின்னால் வந்தவர்களுக்கு அந்த நிழலிலே நின்று வளருவது எளிதாக இருந்திருக்காது. பெருந்தலைவரைப் பெற்ற அமைப்புகளுக்கெல்லாம் வரும் தொல்லை இது. எந்த அமைப்பு என்று என்னைக் கேட்காதீர்கள்!

கடல் தாண்டிச் சென்ற கண்ணை இப்போது கொஞ்சம் நம் மண்ணுக்குத் திருப்புவோம். திருநெல்வேலிச் சீமை, வடக்கன்குளம். ஏசுவின் திருக்குடும்பத்தின் பெயரால் கோயில், உள்ளே சுவர்! ஒரு பக்கம் ஒரு சாதி, மறு பக்கம் மற்றொரு சாதி; பீடம் ஒன்று, சாமி ஒன்று, சுவிசேஷம் ஒன்று, நடுவிலே சாதிச் சுவர். கோசானல் என்ற பிரெஞ்சுப் பாதிரியார் 1910-ல் அந்தச் சுவரை இடித்தார். உடனே வழக்கு! சுவர் எங்கள் உரிமை என்று உயர்நீதிமன்றம் வரை போனார்கள். 1917-ல் நீதிமன்றம் அந்த உரிமையை ஒப்புக்கொள்ள மறுத்துவிட்டது. செங்கல் சுவர் போயிற்று. நெஞ்சச் சுவர்? செத்த பிறகும் பிரித்துப் புதைக்கும் கல்லறைகளைப் போய்ப் பாருங்கள். அங்கே சிலுவையை இறக்கியவர் உண்டு. இங்கே சிலுவையைத் தூக்கி நிறுத்தி, அதன் நிழலிலேயே சாதியை வளர்த்தவர்கள் உண்டு. அந்தப் புண்ணின் மீது தில்லியும் ஒரு உப்புக்கல் வைத்தது: 1950-ல் பிறந்த குடியரசுத் தலைவர் ஆணைப்படி, இந்துவாக இருந்தால்தான் தாழ்த்தப்பட்டோர் பட்டியலில் இடம், பிறகு 1956-ல் சீக்கியருக்கும் 1990-ல் பவுத்தருக்கும் வழி திறந்தது, கிறித்தவராக மாறியவர்களுக்குத் திறக்கவில்லை. சேரியிலே அதே குடிசை, அதே வசை, அதே வேலை. மதம் மாறியதால் சலுகை மட்டும் பறிபோயிற்று. 2023 ஏப்ரலில், தளபதி ஆட்சியிலே, தமிழ்நாடு சட்டமன்றம் இந்த அநீதியை நீக்கக் கோரித் தீர்மானம் நிறைவேற்றியது. தீர்மானம் போட்ட நாமும், நம் கிளை மன்றங்களிலே, படிப்பகங்களிலே, தேநீர்ப் பெஞ்சுகளிலே சேரித் தம்பி எந்த இடத்தில் உட்காருகிறான் என்று ஒரு முறை எட்டிப் பார்த்துக் கொள்வது நல்லது.

மீண்டும் கிளைடு. 2018-ல் மெதடிஸ்ட் பேராயருக்கும் கோயிலுக்கும் மோதல். அங்கே நடப்பது கிறித்தவ ஆராதனையே அல்ல, நல்ல இசைக் கச்சேரி என்ற வகையில் பேராயர் குறை கூறினார். அவர் கேள்வியிலே நியாயமே இல்லை என்று நான் தள்ளமாட்டேன். வருகிறவர்களில் பலர் கிறித்தவரே அல்லர் என்றால், அது கோயிலா, கூடமா? ஆனால் பட்டினி கிடந்தவன் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. வழக்கு மன்றம் வரை போய், 2020-ல் உடன்பாடு கண்டு, கிளைடு தனித்து நிற்கத் தொடங்கிவிட்டது.

அந்த மெதடிஸ்ட் சபை 1972-ல் தன் சட்டப் புத்தகத்திலே, தன்பாலீர்ப்பு கிறித்தவப் போதனைக்கு ஒவ்வாதது என்று எழுதி வைத்தது. வில்லியம்ஸ் அதற்கு முன்பே அந்த இணையர்களுக்கு வாழ்த்துக் கூறிக் கரம் சேர்த்து வைத்தவர். அந்த வாசகத்தை மதித்தவரல்லர். 2024 ஏப்ரல் 22-ல், 94 வயதில் அவர் மறைந்தார். மறுநாள் வட கரோலினாவின் ஷார்லட் நகரில் சபையின் பொது மாநாடு கூடிற்று. மே 2-ம் நாள், அவர் கண் மூடிய பத்தாம் நாள், வாக்கெடுத்து அந்த வாசகத்தை நீக்கினார்கள்.