சட்டம் படிச்சாச்சு... அப்புறம்?

இன்ஜினியரிங் காலேஜில் சேர்க்கப் போகும் அப்பாக்கள் முதலில் கேட்பது "கேம்பஸ் இண்டர்வியூ உண்டா?" என்றுதான். சட்டக் கல்லூரியில் சேர்க்கும்போது அந்தக் கேள்வி பெரும்பாலும் வருவதில்லை. கருப்பு கோட் மாட்டினால் கேஸ் தானாகத் தேடி வரும் என்று நினைப்பு!

நடப்பது வேறு. பட்டம் வாங்கி, பார் கவுன்சிலில் பதிவு செய்து, 2011-ல் தொடங்கிய அகில இந்திய பார் தேர்வையும் எழுதி முடித்தாலும், தொழில் கற்றுத்தர ஒரு சீனியர் வேண்டும். அப்பாவோ மாமாவோ வக்கீல் என்றால் கவலை இல்லை. குடும்பத்தில் முதல் ஆளாகச் சட்டம் படித்த பெண் எந்த ஆபீஸ் கதவைத் தட்டுவாள்?

தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களில் இதற்கு ஒரு ஏற்பாடு உண்டு. பல இடங்களில் மாணவர்களே குழு அமைத்து, மும்பை, டெல்லி சட்ட நிறுவனங்களை வரவழைத்து, இண்டர்வியூ நடத்துகிறார்கள். விடுமுறையில் இன்டர்ன்ஷிப் போன இடத்திலேயே வேலை கிடைப்பதும் உண்டு. நல்ல விஷயம்தான். ஆனால் அந்தக் குழுக்களின் கண் பெரும்பாலும் கம்பெனி வேலை மீதே இருக்கிறது. கோர்ட்டுக்குப் போக ஆசைப்படுபவர் தன் வழியைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

"வக்கீல் தொழில் சுயதொழிலாச்சே, கல்லூரி எப்படி வேலை வாங்கித் தரும்?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் இங்கே தேவை வேலைக்கான ஆர்டர் இல்லை, ஒரு அறிமுகம். சி.ஏ. படிப்பைப் பாருங்கள். அங்கேயும் ஒரு ஆடிட்டரிடம் ஆர்ட்டிகிள்ஷிப் செய்துதான் தொழில் பழக வேண்டும். ஆனால் குறைந்தபட்ச உதவித்தொகை எவ்வளவு என்று விதியிலேயே இருக்கிறது. வக்கீல்களுக்கோ 2024-ல்தான் இந்திய பார் கவுன்சில் ஜூனியர்களுக்கு நகரங்களில் மாதம் 20,000, கிராமப்புறங்களில் 15,000 ரூபாய் தரலாம் என்று சொன்னது. அதுவும் பரிந்துரைதான், கட்டாயம் இல்லை!

இன்டர்ன்ஷிப் விதி மட்டும் தெளிவாக இருக்கிறது. பார் கவுன்சிலின் 2008 விதிகளின்படி மூன்றாண்டுப் படிப்புக்கு 12 வாரம், ஐந்தாண்டுப் படிப்புக்கு 20 வாரம். ஆனால் இடம் பிடிப்பது யார் பொறுப்பு? மாணவனே தெரிந்தவர் மூலம் ஒரு சான்றிதழ் வாங்கி ஃபைலில் வைத்துவிட்டால், விதி நிறைவேறிவிடும். தொழில் வந்திருக்காது.

இதில் இன்னொரு சிக்கலும் சேர்ந்திருக்கிறது. சிவில் நீதிபதி தேர்வு எழுத மூன்று ஆண்டு வக்கீல் அனுபவம் வேண்டும் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நேராகத் தேர்வு எழுதி நீதிபதி ஆகலாம் என்று நினைத்தவர்களுக்கும் இனி அந்த மூன்று வருடம் தாக்குப்பிடிக்க வேண்டும். கையில் காசில்லாதவர் எப்படித் தாக்குப்பிடிப்பார்? ஏழை வீட்டுப் பிள்ளைகள் நீதிபதி நாற்காலிக்கு வருவதே இதனால் குறைந்துபோகலாம்.

கல்லூரிகள் பெரிதாக எதுவும் செய்ய வேண்டாம். ஜூனியர்களுக்கு ஒழுங்காக உதவித்தொகை தரும் சீனியர்களின் பட்டியல் ஒன்று. பழைய மாணவர்களோடு ஒரு தொடர்பு. மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு, அரசு வழக்கறிஞர் அலுவலகம் போன்ற இடங்களுக்கு முறையாக மாணவர்களை அனுப்பும் ஒரு ஆசிரியர். அவ்வளவுதான்.

கூடவே ஒரு கணக்கும் வேண்டும். அமெரிக்காவில் பார் அசோசியேஷன் அங்கீகாரம் பெற்ற சட்டக் கல்லூரிகள், படித்து முடித்துப் பத்து மாதம் கழித்து மாணவர்கள் என்ன வேலையில் இருக்கிறார்கள் என்று வெளியிட்டே ஆக வேண்டும். இங்கேயும் அப்படி ஒரு விதி வந்தால் கட்டிடத்தையும் விளம்பரத்தையும் பார்த்து ஏமாற வேண்டியிருக்காது.

ஐந்து வருடம் ஃபீஸ் வாங்கிய கல்லூரி, ஆறாவது வருடம் "அந்தப் பிள்ளை எங்கே இருக்கிறது?" என்று ஒரு தடவையாவது கேட்க வேண்டாமா?