அடுக்குப் பெட்டிக்கு எந்தக் கதவு?

கேள்வி: “செல்லூரில் அலுமினிய ஜன்னல், ஷோகேஸ் செய்யும் சிறு பட்டறை வைத்திருக்கிறேன். சோழவந்தான் பக்கம் ஊரில் அம்மா காடை வளர்க்கிறார். தெரிந்த ஒருவர் வெளிநாட்டுப் பாம்பு, ஓணான் வளர்ப்பதற்கு ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் பெட்டி ஆறு வேண்டும் என்று முன்பணம் கொடுக்க வந்தார். கதவை எதில் போடலாம்? செய்து கொடுத்தால் எனக்குச் சிக்கல் வருமா? அதே பெட்டி காடைக்கும் ஆகுமா? போன மாதம்தான் எங்கள் காடைக் கூண்டுக்குள் பாம்பு புகுந்து குஞ்சுகளைத் தின்றுவிட்டது.”

பதில்: இந்த வாசகர் கேட்ட வரிசையை மாற்றி, முன்பணத்தில் தொடங்குவதே நல்லது. கதவு தப்பாகப் போனால் மறுபடி செய்துகொள்ளலாம். சட்டத்தில் மாட்டினால் அப்படி முடியாது.

நம் நாட்டுப் பாம்பு, உடும்பு, நட்சத்திர ஆமை எதையும் வீட்டில் அடைத்து வளர்க்க 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் இடம் தரவில்லை. வயல்காட்டில் அகப்பட்டது, கிணற்றில் விழுந்து கிடந்தது என்பதெல்லாம் காரணமாகாது. இருதலைப் பாம்பு என்று ஊரில் சொல்லப்படும் மண்ணுளிப் பாம்பை வைத்திருந்தால் லட்சக்கணக்கில் விலை போகும் என்று சொல்லித் திரியும் கும்பலிடம் பணத்தை விட்டவர்கள் மதுரை வட்டாரத்திலும் உண்டு. அந்தப் பாம்புக்கு இருப்பது ஒரே தலைதான். மற்றது மழுங்கிய வால். மருந்துக்கும் அது ஆகாது, யோகத்துக்கும் ஆகாது.

வெளிநாட்டு இனங்களின் கதை வேறு. பந்து மலைப்பாம்பு, பச்சை இகுவானா போன்றவை சைட்டீஸ் என்னும் பன்னாட்டு ஒப்பந்தப் பட்டியலில் இருக்கின்றன. 2022-இல் சட்டம் திருத்தப்பட்டு, 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த பிறகு, இந்தப் பட்டியலில் உள்ள உயிருள்ள விலங்குகளை வைத்திருப்பவர் அதைப் பதிவு செய்தாக வேண்டும். இதற்கான விதிகள் 2024 பிப்ரவரியில் வந்தன. மத்திய அரசின் பரிவேஷ் இணையதளம் வழியாகத்தான் பதிவு நடக்கிறது. பட்டியலின் முதல் இணைப்பில் உள்ள இனங்களைக் குட்டி எடுத்து வளர்ப்பதற்குத் தனி உரிமம் தேவை.

பெட்டி செய்து கொடுப்பது தன்னளவில் குற்றமில்லை. ஆனால் காட்டிலிருந்து பிடித்ததை அடைக்கத்தான் என்று தெரிந்தே செய்துகொடுத்தால், குற்றத்துக்குத் துணைபோவதும் இந்தச் சட்டப்படி குற்றம். ஆகவே முன்பணத்தைக் கையில் வாங்குவதற்கு முன், என்ன விலங்கு, பதிவுச் சான்று எங்கே என்று கேட்டு, ஒரு நகல் வாங்கி பில்லோடு சேர்த்து வைத்துக்கொள்வது பட்டறைக்காரருக்குப் பாதுகாப்பு. சான்றைக் கேட்டதும் வந்தவர் முகம் சுளித்தால், அந்த ஆர்டரை விட்டுவிடலாம்.

சான்று சரியாக இருந்தால், இனி கதவு.

அடுக்கும் பெட்டிக்கு மேல்மூடி வைக்க முடியாது. மேலே இன்னொரு பெட்டி உட்கார்ந்திருக்கும். முன்பக்கம்தான் திறக்க வேண்டும். கீழ்நோக்கி மடங்கும் கதவு என்றால் கை நுழைப்பதற்கு அதுவே இடைஞ்சல், கீழ்ப்பெட்டியையும் மறைக்கும். எனவே பக்கவாட்டில் நகரும் இரட்டைக் கதவே பொருத்தம். ஷோகேஸ் செய்து பழகிய கைக்கு இது புது வேலையுமல்ல.

கண்ணாடியா, அக்ரிலிக்கா என்பதில்தான் பலர் குழம்புகிறார்கள். 5 மி.மீ. கண்ணாடி ஒரு சதுர மீட்டருக்கு பன்னிரண்டரை கிலோ. இரண்டடிக்கு ஒன்றரை அடி கதவு ஏறக்குறைய மூன்றரை கிலோ வரும். அதே கனமுள்ள அக்ரிலிக் அதில் பாதிதான். தூக்கி அடுக்கும்போது இந்த வித்தியாசம் இடுப்பில் தெரியும். ஆனால் அக்ரிலிக்குக்கு வெப்பம் ஆகாது. மீட்டர் நீளத் தகடு 20 டிகிரி சூடேறினால் ஒன்றரை மி.மீ. அளவுக்கு நீளும். மதுரை மே மாதத்தில் வெளியே 40 டிகிரி, உள்ளே பல்பு வெளிச்சம் என்றால் உள்முகம் ஒரு மாதிரியும் வெளிமுகம் ஒரு மாதிரியும் நீண்டு, தகடு வில்லாக வளையும். வளைந்த இடத்தில் விரல் நுழையும் சந்து விழும். தலை நுழைந்த இடத்தில் பாம்புக்கு உடலும் நுழையும். அக்ரிலிக்தான் போட வேண்டுமென்றால் 6 மி.மீ.க்குக் குறையாமல், அளவில் 3 மி.மீ. குறைத்து வெட்டி, நீளம் இரண்டடிக்கு மேல் போகாமல் வைத்துக்கொள்ளலாம். பாலிகார்பனேட் உடையாது, ஆனால் சீக்கிரம் கீறல் விழும், வெயிலில் பழுப்பேறும்.

வீட்டில் குழந்தைகள் இருந்தால் கடினப்படுத்திய கண்ணாடி நல்லது. ஒன்று மறக்கக்கூடாது. கடினப்படுத்திய பிறகு அதை வெட்டவோ துளையிடவோ முடியாது. விரல்குழி, பூட்டுத்துளை, அளவு எல்லாம் முன்பே முடிவாக வேண்டும். சாதாரணக் கண்ணாடியென்றால் விளிம்பை மழுங்கத் தேய்த்திருக்க வேண்டும்.

வலைக்கதவு மலிவு, காற்றும் வரும். பாம்புக்கு மட்டும் அது வேண்டாம். வெளியே போக வழி தேடி மூக்கை வலையில் உரசி உரசிப் புண்ணாக்கிக்கொள்ளும். பலகைக் கதவில் ஈரப்பதம் பட்டால் ஊதிச் சிக்கும். எம்.டி.எஃப். பலகையை இந்த வேலைக்கு நினைக்கவே வேண்டாம்.

சேனலில்தான் நுணுக்கம். மேல் பள்ளம் 16 மி.மீ. ஆழமும் கீழ்ப் பள்ளம் 8 மி.மீ. ஆழமும் இருந்தால், கண்ணாடியை மேலே தூக்கிக் கீழே இறக்கிப் பொருத்தலாம், கழுவுவதற்குக் கழற்றலாம். அதே காரணத்தால் வலுவான பாம்பு கண்ணாடியை முட்டித் தூக்கவோ பக்கவாட்டில் தள்ளவோ முடியும். ஆகவே ஷோகேஸ் பூட்டு கட்டாயம். பூட்டைப் போட்ட பிறகும் இரண்டு கண்ணாடிகள் ஒன்றை ஒன்று தாண்டும் இடத்தில் ஒரு சந்து இருக்கும். பெரிய பாம்புக்கு அது போதாது, குட்டிக்குப் போதும். ஜன்னலுக்கு ஒட்டும் மயிர்ப்பட்டையை அங்கே ஒட்டினால் சந்து அடைபடும். கதவுக்குக் கீழே மூன்று அங்குலம் உயரத்துக்குப் பலகைத் தடுப்பு விட்டால்தான் உள்ளே போடும் மண்ணும் மரத்தூளும் பள்ளத்தில் விழாது. காற்றுத்துளைகளைப் பின்பக்கமும் பக்கவாட்டிலும் வைக்க வேண்டும். மேல்பக்கம் வைத்தால் அடுத்த பெட்டி அடைத்துவிடும். கீழ்ப்பெட்டிப் பல்பின் சூடு மேல்பெட்டித் தரையைச் சுடாமல் இருக்க, இடையே ஓர் அங்குலச் சட்டம் கொடுத்துவிடலாம்.

பராமரிப்பு பெரிதல்ல. வாரம் ஒருமுறை பழைய பல்துலக்கியால் கீழ்ப்பள்ளத்தில் சேரும் மண்ணைத் தள்ளினால் கண்ணாடி கீறல் விழாது. அக்ரிலிக்கை ஸ்பிரிட்டாலும் அமோனியா கலந்த கண்ணாடித் திரவத்தாலும் துடைத்தால் மெல்லிய வெடிப்பு ஓடும். சோப்புத் தண்ணீரும் பஞ்சுத் துணியும் போதும். பினாயில் வேண்டவே வேண்டாம், ஊர்வனவற்றுக்கு அது விஷம். சிலிகான் ஒட்டினால் புளிப்பு வாடை முழுக்கப் போகும்வரை விலங்கை உள்ளே விடக்கூடாது.

இதில் பழைய முறை ஒன்றையும் அறிந்துகொள்வது நல்லது. மாமல்லபுரம் சாலையில் வடநெம்மேலியில், 1978-இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற்கூட்டுறவுச் சங்கம் அரசு அனுமதியுடன் நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கையும் பிடித்து விஷம் எடுக்கிறது. அங்கே கண்ணாடியும் இல்லை, பூட்டும் இல்லை. மண்பானை, அதன் வாயில் பருத்தித் துணி, இறுக்கிக் கட்டிய கயிறு. பானை குளிர்ச்சியாக இருக்கும், துணியில் காற்று போகும், முட்டித் தள்ளுவதற்கு விளிம்பே கிடையாது. பாம்பு அதில் இருப்பதும் ஏறக்குறைய மூன்று வாரம்தான், பிறகு காட்டில் விடுகிறார்கள். வருடக்கணக்கில் வைத்திருப்பவருக்கு இந்த ஏற்பாடு போதாது. நாம் வீட்டில் செய்து பார்க்கும் வேலையும் இல்லை, அது அந்த மக்களின் பரம்பரைக் கைத்திறன்.

இனி அம்மாவின் காடை. கண்ணாடிப் பெட்டி காடைக்கு ஆகவே ஆகாது. எச்சத்திலிருந்து எழும் அமோனியா உள்ளேயே தங்கி, கண் எரிந்து, மூச்சு முட்டிச் சாகும். வெயில் நாளில் இன்னும் மோசம். காடைக்கு நாலு பக்கமும் காற்று போகும் ஜி.ஐ. வெல்டு வலைக் கூண்டே சரி.

பாம்பு புகுந்த வழி பெரும்பாலும் கதவாகத்தான் இருக்கும். அரை அங்குல வலையில் குட்டிப் பாம்பு எளிதில் நுழையும். காடைக் குஞ்சைத் தின்று வயிறு பெருத்தபின் வெளியேற முடியாமல் அங்கேயே சுருண்டு கிடக்கும். காலையில் முட்டை எடுக்கக் கைவிடும் அம்மாவுக்குத்தான் ஆபத்து. எனவே கதவிலும் கீழே ஓர் அடி உயரத்துக்கும் கால் அங்குல வலையை மேலாக இன்னொரு சுற்று கட்டிவிட வேண்டும். பிளாஸ்டிக் வலை போட்டால் எலி கடிக்கும், எலி போட்ட ஓட்டையில் பாம்பு வரும். கதவு ஒரு கை நுழையும் அளவுக்குச் சிறியதாக, மேல்நோக்கி நகர்வதாக இருந்தால் கீழே சந்து விழாது. கம்பியை மடக்கிவிட்டதெல்லாம் கொக்கியாகாது. ஸ்பிரிங் கொக்கி போட வேண்டும். எச்சம் படும் இடத்தில் வெல்டு முனைகள் சீக்கிரம் துருப்பிடிக்கும் என்பதால் மாதம் ஒருமுறை கையுறை போட்டுக்கொண்டு அசைத்துப் பார்க்கலாம். கூண்டின் அடியில் சிந்திய தீவனத்தை மாலையிலேயே கூட்டிவிட்டால் எலி வராது.

விடிந்ததும் முதலில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, பிறகே கதவைத் திறக்கட்டும். உள்ளே பாம்பு கிடந்தால் அடிக்க முனையாமல், கூண்டை விட்டு விலகித் தீயணைப்புத் துறைக்கோ வனத்துறைக்கோ சொல்லலாம். கடிபட்டால் கயிறு கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் கூடாது. கடிபட்ட கையை அசைக்காமல் 108-ஐ அழைத்து, விஷமுறிவு மருந்து உள்ள அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும்.