ஆறு மணி நேரக் கல்யாணமும் ஒரே ஒரு டிவிடியும்

சேலம், நாமக்கல் பக்கம் பல வீட்டு பீரோக்களில் பட்டுப்புடவைக்கு அடியில் கல்யாண கேசட்டுகள் தூங்குகின்றன. கேசட் டெக் தயாரித்த கடைசிக் கம்பெனியான ஜப்பானின் ஃபுனாய் 2016-லேயே கையை விரித்துவிட்டது. ஆகவே கேசட்டை டிவிடி ஆக்குவது நல்ல காரியம்தான். ஆனால் "எல்லாத்தையும் ஒரே டிஸ்க்குல அடக்கிடலாம்" என்று ஆரம்பிக்கிறார்களே, அதுதான் அநியாயம்!

கொங்குக் கல்யாணம் அரை மணியில் முடிகிற சமாச்சாரமா? இணைச்சீர், அருமைக்காரர் செய்து வைக்கும் சடங்குகள், பந்தி வரைக்கும்... மூன்று கேசட், ஆறு மணி நேரம் சர்வ சாதாரணம்.

கணக்கைப் பாருங்கள். சாதாரண டிவிடியின் கொள்ளளவு 4.7 ஜிபி. இரண்டு மணி நேரம் பதிந்தால் நொடிக்கு சுமார் 5 மெகாபிட் கிடைக்கும், படம் நன்றாகவே இருக்கும். ஆறு மணி நேரம் திணித்தால் ஒலியும் சேர்த்து 1.7 மெகாபிட்தான். பழைய விசிடியிலேயே படத்துக்கு மட்டும் 1.15 இருந்தது. அதுவும் டிவிடியில் நாலில் ஒரு பங்கு அளவுள்ள படத்துக்கு!

டிவிடியின் எம்பெக்-2 முறை, முந்தைய ஃப்ரேமிலிருந்து எது மாறியதோ அதை மட்டும் எழுதி இடத்தை மிச்சம் பிடிக்கிறது. மணமேடை சும்மா இருக்கும்போது பிரச்சினையில்லை. அட்சதை பறக்கும்போது திரை முழுக்க மாறுகிறது, பிட் போதாமல் படம் கட்டம் கட்டமாக உடைகிறது. அதாவது, சரியாகத் தாலி கட்டும் நேரத்தில் :-(

"கம்ப்யூட்டர்ல ஒரே டிஸ்க்குல பத்து மணி நேரம் ஓடுதே" என்று ஒருவர் கேட்பார். ஓடும். அது டைவ்எக்ஸ் அல்லது எச்.264. வீட்டிலுள்ள பழைய டிவிடி பிளேயருக்கு அந்த பாஷை தெரியாது. ஏவிஐ, எம்பி4 என்பதெல்லாம் லாரி மாதிரி, உள்ளே இருக்கும் சரக்கு வேறு. கோப்பின் பெயரில் ஏவிஐ-யை அழித்து எம்பிஜி என்று எழுதுவது, முட்டை லாரியில் சிமென்ட் போர்டு மாட்டுவதுதான். உள்ளே முட்டைதான் இருக்கும்.

இன்னொரு வேடிக்கை, இலவச மென்பொருள் என்டிஎஸ்சி என்று தானாகத் தேர்வு செய்திருந்தால் அப்படியே ஓகே கொடுப்பது. நம்மூர் கேசட் பால் முறை, நொடிக்கு 25 ஃப்ரேம். அதை 29.97 ஆக இழுத்தால் மாப்பிள்ளை விக்கி விக்கி நடப்பார்.

இதெல்லாம்கூடப் போகட்டும். டிஸ்க் வந்ததும் கேசட்டைப் பழைய பேப்பர்காரரிடம் போடுகிறார்களே, அதை என்ன சொல்வது? நசுக்கிய படத்தை எந்த மென்பொருளாலும் பழையபடி விரிக்க முடியாது. டிவி வடிவில் கேப்சர் செய்த கோப்பு மணிக்கு சுமார் 13 ஜிபி, ஆறு மணிக்கு 78 ஜிபி. 1 டிபி ஹார்ட் டிஸ்க்கில் அது ஒரு மூலை. அந்தக் கோப்பை முதலில் அங்கே வையுங்கள், டிவிடியை மூன்றாகப் பிரித்துப் போடுங்கள். வெளியே கொடுத்துச் செய்தால் கேப்சர் கோப்பையும் கேட்டு வாங்குங்கள். கேசட்டையும்தான்.