பால் ஒத்துக்கொள்ளாத வயிறு

பாலும் பழமும் என்று சேர்த்தே சொல்லிப் பழகியவர்கள் நாம். மணமக்களுக்கு முதலில் நீட்டப்படுவது பால். நோயுற்றுத் தேறியவருக்குப் பால். ஸஹர் நேரத்தில் சோற்றில் பாலூற்றி வாழைப்பழம் பிசைந்து உண்பதும் நம் இல்லங்கள் பலவற்றில் நீண்ட நாள் வழக்கம். இத்தகைய வீட்டில் ஒரு பெண், "எனக்குப் பால் ஒத்துக்கொள்ளாது" என்று சொன்னால் நம்புவோர் எத்தனை பேர்? "செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டார்கள்" என்ற ஏச்சுத்தான் மிஞ்சும். புகுந்த வீடாக இருந்துவிட்டால் வாயைத் திறக்கவும் வழியில்லை. மறுக்காமல் குடித்துவிட்டு, வயிற்றுப் பொருமலோடும் இரைச்சலோடும் நோன்பின் பகற்பொழுதைக் கழிக்கும் சகோதரிகள் நம்மிடையே உண்டு.

உண்மையில் அப்பெண்ணின் வயிறுதான் உலக வழக்கு. பாலில் லாக்டோஸ் என்றொரு சர்க்கரை இருக்கிறது. அதைச் செரிக்கச் செய்வது சிறுகுடலில் உண்டாகும் லாக்டேஸ் என்னும் நொதி. கைக்குழந்தைக்கு அது நிறையச் சுரக்கும். வளர வளரக் குறையும். உலக மக்களில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினருக்கு இவ்வாறே நிகழ்கிறது. செரிக்காத சர்க்கரை பெருங்குடலை அடைந்ததும் அங்குள்ள நுண்ணுயிர்கள் அதைப் புளிக்க வைக்கின்றன. காற்றுச் சேர்கிறது, நீர் இழுக்கப்படுகிறது, பால் குடித்த ஓரிரு மணி நேரத்தில் வலியும் கழிச்சலும் தோன்றுகின்றன. 2012-இல் வெளிவந்த மரபணு ஆய்வொன்று, வளர்ந்த பின்னும் பாலைச் செரிக்கும் தன்மை இந்தியாவின் வடமேற்கில் மிகுந்தும் தெற்கே வர வரக் குறைந்தும் இருப்பதைக் காட்டியது. எருமை மேய்ப்பதையே வாழ்வாகக் கொண்ட நீலகிரித் தோடர்கள் அதற்கு விலக்கு. நாம் தோடர்கள் அல்லவே!

இங்கே ஒன்றைப் பிரித்தறிய வேண்டும். லாக்டோஸ் செரியாமை தொல்லைதான், உயிருக்கு ஆபத்தன்று. பாலிலுள்ள புரதத்தால் வரும் ஒவ்வாமை வேறு. ஒரு வாய் பாலுக்கே உடல் தடிப்பதும், உதடு வீங்குவதும், மூச்சிரைப்பதும் அதன் அடையாளங்கள். அத்தகையோர் தயிரையும் நெய்யையும்கூட மருத்துவரைக் கேட்டே தொட வேண்டும். மலத்தில் இரத்தம், காரணமில்லாத உடல் மெலிவு, விடாத காய்ச்சல் ஆகியவற்றைப் பாலின்மேல் பழிபோட்டு வீட்டிலேயே வைத்திருப்பது கூடாது. மதுரை அரசு இராஜாஜி மருத்துவமனை போன்ற பெரிய மருத்துவமனைகளில் குடல்நோய்க்கெனத் தனித்துறையே உண்டு.

செரியாமை என்று தெளிந்த பிறகும் பாலை அடியோடு விலக்க வேண்டியதில்லை. இத்தன்மையுடையோரில் பலர் ஒரு நேரத்தில் ஒரு குவளைப் பால்வரை தாங்குகின்றனர். வெறும் வயிற்றிலன்றி உணவோடு சேர்த்து அருந்த வேண்டும். ஆகவே நோன்பு துறந்தவுடன் குளிர்ந்த ரோஸ்மில்க்கை மடமடவென்று குடிப்பதுதான் தவறு. கஞ்சி உள்ளே போன பின் சிறிதளவு பால் பெரும்பாலும் கலகம் செய்வதில்லை. தயிரில் லாக்டோஸின் ஒரு பகுதியை உறைநுண்ணுயிர்களே தின்றுவிடுகின்றன. மீதியைச் செரிக்கவும் துணை செய்கின்றன. ஸஹரில் பால்சோற்றுக்குப் பதில் தயிர்ச்சோறு போதும். நெய்யில் அச்சர்க்கரை இல்லையென்றே சொல்லலாம். பிரியாணியைக் கண்டு அஞ்ச வேண்டாம். அஞ்ச வேண்டியது பால்கோவாவைத்தான். விளக்குத்தூண் பக்கம் விற்கும் ஜிகர்தண்டாவும் அவ்வகையே. பாலைச் சுண்டக் காய்ச்சினால் நீர்தான் போகும், சர்க்கரை போகாது. அதன்மேல் ஐஸ்கிரீமும் வைக்கிறார்கள். ஆசை விடவில்லையென்றால் கடற்பாசியையும் பாதாம் பிசினையும் நன்னாரி சர்பத்தில் இட்டு எலுமிச்சை பிழிந்து பருகிப் பாருங்கள். ஜிகர்தண்டா ஆகாது, ஆனாலும் நன்றாகவே இருக்கும்.

மாற்றுப் பாலைத் தேடி விலையுயர்ந்த வெளிநாட்டு வாதுமைப் பாலுக்கு அலைவோரைக் காண்கையில் வியப்பாக இருக்கிறது. மதுரை வீதிகளில் தள்ளுவண்டியில் மாலைதோறும் ஆவி பறக்க விற்கும் பருத்திப்பால் இருக்கிறதே! திருமங்கலம், பேரையூர்ப் பக்கத்துக் கரிசல் நிலம் பருத்திக்குப் பெயர் போனது. பருத்திக்கொட்டையை இரவெல்லாம் ஊறவைத்து, ஆட்டிப் பிழிந்து, அரிசி மாவும் கருப்பட்டியோ வெல்லமோ சேர்த்துக் காய்ச்சி, சுக்கும் ஏலமும் தேங்காய்த்துருவலும் இடுவார்கள். மாட்டுப்பால் ஒரு சொட்டும் சேர்க்காத பால் அது. வீட்டில் செய்தால் நன்றாகக் கொதிக்கவிட வேண்டும். பச்சைப் பருத்திக்கொட்டையில் நச்சுப்பொருள் உண்டு. நோன்புக் கஞ்சியையும் எண்ணிப் பாருங்கள். பச்சரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், தேங்காய்ப்பால் என்று வைக்கும் அக்கஞ்சியில் பாலுக்கு வேலையேயில்லை. ரொட்டியும் பரோட்டாவும் சேராத, கோதுமை ஒவ்வாதவருக்கும் அது ஏற்றது; கோதுமை ரவையோ சேமியாவோ கலக்கவில்லையா என்று மட்டும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஆயினும் ஓர் எச்சரிக்கை. பருத்திப்பாலும் தேங்காய்ப்பாலும் நாவுக்குப் பாலின் இடத்தை நிரப்பலாம், எலும்புக்கு நிரப்புவதில்லை. பெரியவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 1000 மில்லிகிராம் சுண்ணாம்புச்சத்து வேண்டுமென்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-இல் வகுத்த அளவு. பாலை நிறுத்திவிட்டு அதற்கு ஈடு எதையும் சேர்க்காத பெண்களுக்கு நடுவயதில் எலும்பு தேய்வதைப் பார்க்கிறோம். 100 கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் உள்ளது. முளைகட்டி அரைத்தால் உடல் அதை எளிதாக ஏற்கும். எள்ளுருண்டை, முருங்கைக்கீரை, முள்ளோடு உண்ணும் நெத்திலி ஆகியவை நம் சந்தைகளில் கிடைப்பவைதாம். கேழ்வரகுக் கூழில் மோர் விட்டுக் கரைத்தால் இரண்டும் சேர்ந்த உணவாகும். கூழை ஏழைகளின் உணவென்று ஒதுக்கிய தலைமுறைக்கு இதைச் சொல்லத்தான் வேண்டியிருக்கிறது.

கைக்குழந்தைகளின் நிலை வேறு. வயிற்றுப்போக்குக் கண்ட குழந்தைக்கு, "பால் செரிக்கவில்லை" என்று சொல்லித் தாய்ப்பாலை நிறுத்தச் சொல்லும் பெரியவர்கள் இன்றும் உள்ளனர். கழிச்சலால் குடலின் உட்பூச்சுச் சிதைந்து லாக்டேஸ் சில நாட்கள் குறைவது உண்மையே. குடல் ஆறியதும் அது திரும்பிவிடும். அதற்காகத் தாய்ப்பாலை நிறுத்துவது குழந்தையை மேலும் வாடச் செய்யும். தாய்ப்பாலோடு உப்புச் சர்க்கரைக் கரைசலும் கொடுத்துக்கொண்டே மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

பெருநாள் பாயசத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சேமியாவையும் சவ்வரிசியையும் தண்ணீரில் வேகவிட்டு, வெல்லப்பாகு ஊற்றி, அடுப்பை அணைத்த பின்னரே கெட்டித் தேங்காய்ப்பாலைச் சேருங்கள். கொதிக்கும்போது ஊற்றினால் திரிந்துவிடும். கோதுமை ஆகாதவருக்கு அரிசிச் சேமியாவே ஏற்றது. விருந்தாளிகளுக்கும் அதையே கொடுக்கலாம். யாருக்கென்று தனியே ஒரு சட்டி வைக்காமல், வீடு முழுதுக்கும் அந்த ஒரு பாயசத்தையே காய்ச்சினால் அந்த மருமகள் யாரிடமும் விளக்கம் சொல்ல வேண்டியிராது.